90 நிமிஷப் பகை



எங்களுக்கு ஜொகூர் டீமைப் பிடிக்காது. கெடாவைப் பிடிக்காது. பகாங்கைப் பார்த்தா முகம் சுருங்கும். கோலாலம்பூர் பக்கத்து வீடு மாதிரி, இருந்தும் பிடிக்காது. சிங்கப்பூரைப் பத்திச் சொல்லவே வேண்டாம். ஊரையோ ஊர் மக்களையோ சொல்லலே, காற்பந்து டீமைத்தான் சொல்றோம். எங்க குழுவிலே ஒருத்தருக்குச் சம்பந்தி வீடே ஜொகூர் பாருலேதான். அவங்க வந்தா கோழிக் குழம்பு வச்சுத்தான் சோறு போடுவாங்க. ஆனா அந்த நீலமும் சிவப்பும் போட்ட ஜெர்சியோட வாசல்லே வந்து நின்னா, "உள்ளே வாங்க, சட்டையை மட்டும் மாத்திக்குங்க"ன்னு சொல்ற ஆளுங்க நாங்க.

கோயில் பக்கத்திலே பந்து எதுக்குன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. கடைசியிலே நம்ம தொண்டர் குழுவுக்கு ஒரு விஷயம் இருக்கு.

நாங்கன்னா யாரு? உலு யாம், பத்தாங் காலி, செரண்டா சுத்துவட்டாரத் தோட்டங்களிலே பொறந்து, கித்தா மரத்தடியிலே வளர்ந்த பிள்ளைங்க. கித்தா போய் செம்பனை வந்துச்சு, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துச்சு. நாங்க தொழிற்சாலைக்குப் போனோம். சூப்பர்வைசர் ஆனவங்க உண்டு, லாரி ஓட்டறவங்க உண்டு, ஜாகா வேலை பாக்கறவங்க உண்டு. எல்லாருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. எங்க எல்லாருக்கும் பொதுவா இருக்கிறது ரெண்டு. ஒண்ணு இந்தக் கோயில், இன்னொண்ணு சிலாங்கூர் டீம்.

எங்க அப்பாமாருக்குச் சொத்துன்னு ஒண்ணும் கிடையாது. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை நின்னா வீடும் போச்சு. சில தாத்தாமாருங்க சாகிற வரைக்கும் சிவப்பு ஐசிதான் வச்சிருந்தாங்க, குடியுரிமை கிடைக்கலே. ஆனா அந்தத் தாத்தாமாரே ரேடியோவிலே ஆட்டம் கேட்டுக்கிட்டு "நம்ம சிலாங்கூர்"ன்னு சொல்வாங்க. இந்த மண்ணிலே அவங்க "நம்ம"ன்னு சொல்லி யாரும் மறுக்காத விஷயம் அது ஒண்ணுதான்னு இப்ப தோணுது. அதையே எங்க கையிலே கொடுத்துட்டுப் போனாங்க. பகையையும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க.

இந்தப் பகைக்கு நூறு வருஷத்துக்கு மேலே வயசு. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்காரங்க கொடுத்த கிண்ணத்துக்காக முதல் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் கோலாலம்பூரிலே. நம்ம மண்ணிலேயே சிங்கப்பூர் 2-1ன்னு சிலாங்கூரை ஜெயிச்சுட்டுப் போனாங்க. அடுத்த வருஷமே சிலாங்கூர் 3-2ன்னு திருப்பிக் கொடுத்தது. அன்னிக்கு ஆரம்பிச்ச கணக்கு. இன்னைய தேதிக்கு மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கு 33 தடவை, சிங்கப்பூருக்கு 24 தடவை. வேற எந்த மாநிலமும் கிட்டே வரலே.

1975-லேருந்து 1981 வரைக்கும் ஏழு இறுதி ஆட்டம். அதிலே ஆறு சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதினது. அஞ்சு நமக்கு, ஒண்ணு அவங்களுக்கு. ஆனா மனுஷ மனசு பாருங்க, ஜெயிச்ச அஞ்சை விட தோத்த ஒண்ணுதான் நல்லா ஞாபகம் இருக்கு. 1980. மொக்தார் டஹாரி, சந்தோக் சிங் காலத்து சிலாங்கூர். ஃபாண்டி அகமதுன்னு ஒரு சிங்கப்பூர்ப் பையன் கோல் அடிச்சு 2-1ன்னு கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டான். நாங்க அப்போ தோட்டத்துப் பள்ளியிலே படிக்கிற பொடியன்கள். மறுநாள் காலையிலே பால் எடுக்கப் போன பெரியவங்க யாரும் பேசிக்கலே. சாவு வீடு மாதிரி இருந்துச்சு. 1981-இல் 4-0ன்னு பழி தீர்த்த பிறகுதான் லயத்துக்கே உயிர் வந்துச்சு.

அந்தக் காலத்திலே எங்க லயத்துப் பையன்கள் எல்லாருக்கும் கோல்கீப்பர் ஆகத்தான் ஆசை. காரணம் ஆர். ஆறுமுகம். நீளக் கையை வச்சுக்கிட்டு பாஞ்சு பிடிக்கிறதாலே ஸ்பைடர்மேன்னு பேர். நம்ம மாதிரி ஒரு முகம், நம்ம மாதிரி ஒரு பேர், நாட்டுக்கே கோல் காக்குதுன்னா சும்மாவா? 1988 டிசம்பரிலே சாலை விபத்திலே அவர் போனப்போ, கெடாக்காரனும் அழுதான், பினாங்குக்காரனும் அழுதான். அன்னிக்குத்தான் நாங்க ஒண்ணு கவனிச்சோம். எதிர் டீம்காரனுக்கும் நம்ம ஆளைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச அளவு தெரிஞ்சிருக்கு. அவன்தானே ஆறுமுகத்துகிட்டே கோல் போட முடியாம தவிச்சவன்!

இப்ப கெடா மாமாவைப் பத்திச் சொல்லணும். பேர் வேண்டாம், அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லே. சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்திலேருந்து எங்க பக்கம் பொண்ணு எடுத்து, இங்கேயே தங்கிட்டவர். கோயில் அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டறதிலேருந்து கடைசிப் பாத்திரம் கழுவறது வரைக்கும் அவர்தான். எல்லா விஷயத்திலேயும் எங்க ஆளு, பந்திலே மட்டும் பரம விரோதி.

1990 இறுதி ஆட்டத்திலே கெடா 3-1ன்னு எங்களை ஜெயிச்சப்போ, கடையிலே உட்கார்ந்திருந்த எங்க எல்லாருக்கும் அவரே தே தாரே வாங்கிக் கொடுத்தார். "குடிங்கடா, கசக்குதா?"ன்னு கேட்டார். கசந்துச்சுதான். 2008-இல் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் கெடா, 3-2. அந்தத் தடவை வீடு வீடா வந்து பலகாரம் கொடுத்துட்டுப் போனார். நாங்க அதுக்குள்ளே 1995, 1996, 1997ன்னு வரிசையா மூணு தடவையும், 2002, 2005-லேயும் கிண்ணம் வாங்கியிருந்தோம். அதையெல்லாம் சொன்னா, "எங்களை ஜெயிச்சா வாங்கினீங்க?"ன்னு ஒரே கேள்வி. பதில் இல்லே.

2015 டிசம்பர் 12. ஷா ஆலாம் அரங்கம். சிலாங்கூர் 2, கெடா 0. எங்களோட 33-ஆவது கிண்ணம். ஆட்டம் முடிஞ்சு விசில் அடிச்ச அடுத்த நிமிஷம் முதல் போன் அவருகிட்டேருந்துதான். "கடைக்கு வாங்கடா, இன்னிக்கு உங்க காசு"ன்னார். அடுத்த வருஷமே பெனால்டியிலே கெடா எங்களைக் கவுத்துட்டாங்க. கடைசிக் கணக்கு கெடா மாமா 3, நாங்க 1.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆச்சு. பாடை தூக்கினவங்க அத்தனை பேரும் சிலாங்கூர்க்காரங்க. அதுக்கப்புறம் கெடாவை லீக்கிலே ஜெயிச்சா, போன் பண்ணி வம்பிழுக்க ஆள் இல்லே. ஜெயிச்சது ஜெயிச்சதுதான், ஆனா சாம்பார் உப்பில்லாம இருக்கிற மாதிரி இருக்கு.

பகைக்காரன் எப்பவும் எதிர்ப்பக்கத்திலேயே இருக்கறதும் இல்லே. 1980-இல் எங்களை அழ வச்ச அதே ஃபாண்டி, பின்னாடி கோலாலம்பூர் டீமுக்கு வந்து கிண்ணம் ஜெயிச்சார். 2005-இல் சிலாங்கூர் ஒரே வருஷத்திலே மூணு கிண்ணம் வாங்கினப்போ பயிற்சியாளர் டோலா சாலே, பகாங் டீமிலே பேர் எடுத்த மனுஷன். பகாங் சட்டையிலே ஓடினப்போ அவரை நாங்க என்னென்ன சொல்லியிருப்போம்னு எழுத முடியாது, இது கோயில் பக்கம்.

தேசிய டீமைப் பாருங்க. 1980-இல் மெர்டேக்கா அரங்கத்திலே தென்கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கினோம். கோல் காத்தது நம்ம ஆறுமுகம், ஜெயிக்கிற கோலைப் போட்டது சபாக்காரர் ஜேம்ஸ் வோங். நாடு புறக்கணிச்சதாலே மாஸ்கோ போகலேங்கறது வேற கதை. 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியிலே இந்தோனேசியாவை மொத்தக் கணக்கிலே 4-2ன்னு ஜெயிச்சு தென்கிழக்காசியக் கிண்ணம் வந்துச்சு. கோல் போட்டது எங்க சிலாங்கூர் சாஃபி சாலி, கேப்டன் எங்க சாஃபிக் ரஹிம். கோல் காத்தது கிளந்தான் பையன் கைருல் ஃபாமி. அன்னிக்குக் கிளந்தானும் நாங்களும் ஒரே வீடு.

மூணு வருஷம்கூட ஆகலே, அந்த சாஃபி சாலியும் சாஃபிக் ரஹிமும் ஜொகூர் சட்டையிலே நின்னாங்க. 2013-இல் ஜேடிடின்னு புதுப் பேர், புதுப் பணம், புது ஏற்பாடு. 2014-லேருந்து லீக் கிண்ணம் வருஷா வருஷம் அவங்க வீட்டுக்குத்தான் போகுது. 2015-இல் ஏஎஃப்சி கிண்ணமும் வாங்கினாங்க, மலேசியக் கிளப் எதுவும் அதுக்கு முன்னே வாங்கினது இல்லே. 2022 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்திலே எங்களை 2-1ன்னு ஜெயிச்சாங்க. வயிறு எரியுதா? எரியுது. மைதானத்தைப் பராமரிக்கிறதிலேயும் சின்னப் பையன்களைப் பழக்கறதிலேயும் அவங்க செஞ்ச வேலையைப் பாத்தா, தொழிற்சாலையிலே லைன் நடத்தற எங்களுக்கே தெரியுது, ஒழுங்கா வேலை செஞ்சவன் முன்னே போறான். அதுக்காகப் பிடிச்சுடுமா? பிடிக்காது.

இவ்வளவும் சொன்னது எதுக்குன்னா, 2024-ஐப் பத்திப் பேசத்தான்.

அந்த வருஷம் ஜனவரி 25. ஆசியக் கிண்ணம், கத்தார். தென்கொரியாவோட 3-3. எங்க சிலாங்கூர் ஃபைசால் ஹாலிம் ஒரு கோல், ஜொகூர் அரிஃப் ஐமான் ஒரு கோல், கடைசி நேரத்திலே ரோமெல் மொராலெஸ் ஒரு கோல். அன்னிக்கு ராத்திரி எங்க வீடுகளிலே ஜொகூர் பையனுக்குக் கைதட்டினோம். யாருக்கும் கை வலிக்கலே.

மே 5-ஆம் தேதி. அதே ஃபைசால் மேலே பெட்டாலிங் ஜெயாவிலே ஒரு பேரங்காடியிலே எவனோ ஆசிட் ஊத்திட்டான். கழுத்து, தோள், கை, மார்பு எல்லாம் வெந்து, திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. அஞ்சு நாள் கழிச்சு சிலாங்கூருக்கும் ஜொகூருக்கும் ஆட்டம் இருந்துச்சு. பாதுகாப்பு இல்லேன்னு சிலாங்கூர் ஆடலே. 3-0ன்னு ஜொகூருக்கு வெற்றி கொடுத்தாங்க.

இங்கே ஒண்ணு கவனமா சொல்லணும். அந்த ஆசிட்டுக்கும் பந்துப் பகைக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் நிரூபிச்சது இல்லே. ஆனா அன்னிக்கு ராத்திரியே வாட்சாப்பிலே தீர்ப்பு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. "அவன்தான் செஞ்சான், இவன்தான் செய்யச் சொன்னான்"ன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. எந்த ஆதாரமும் இல்லாம ஒரு மாநிலத்து மேலேயே பழி. படிக்கப் படிக்க பயமா இருந்துச்சு. ஐம்பது வருஷமா நாங்க வளர்த்த பகை இது கிடையாதுன்னு தோணுச்சு.

பகை மைதானத்தை விட்டு வெளியே வந்தா என்ன ஆகும்னு உலகம் பாத்திருக்கு. 1980 ஆகஸ்ட் 16-இல் கல்கத்தாவிலே ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் ஆட்டம். கூட்டத்திலே கலவரமாகி 16 பேர் செத்தாங்க. பக்கத்து இந்தோனேசியாவிலே 2022 அக்டோபர் 1, மாலாங் மாவட்டத்து கஞ்சுருஹான் அரங்கம். சொந்த டீம் அரேமா 3-2ன்னு தோத்துடுச்சு. கலவரத்துக்குப் பயந்து எதிர் டீம் ரசிகர்களை உள்ளேயே விடலே. அப்படியும் ஆட்கள் மைதானத்துக்குள்ளே இறங்க, போலீஸ் கண்ணீர்ப்புகை அடிக்க, வாசல்லே நெரிஞ்சு 135 பேர் போயிட்டாங்க. பந்து பாக்கப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்த அப்பன் அம்மா எத்தனை பேரோ.

அதே கல்கத்தா இன்னொண்ணும் காட்டுச்சு. 2024 ஆகஸ்டிலே ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்டதுக்கு நியாயம் கேட்டு ஊரே கொதிச்சப்போ, ஆகஸ்ட் 18 ஆட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க. அன்னிக்கு அரங்கத்து வாசலுக்கு ரெண்டு டீம் ரசிகர்களும் வந்தாங்க. ஜெயிச்சா ஒரு கூட்டம் இறாலும் இன்னொரு கூட்டம் உள்ளம் மீனும் வாங்கித் தின்னு நூறு வருஷமா முறைச்சுக்கிட்டவங்க, ஒண்ணா நின்னு ஒரே கோஷம் போட்டாங்க.

சரியா ஆறு நாள் கழிச்சு எங்க ஆட்டம். ஆகஸ்ட் 24, புக்கிட் ஜாலில், எஃப்ஏ கிண்ண இறுதி. ஜொகூர் 6, சிலாங்கூர் 1.

பழைய ஆளுங்களுக்கு அந்த எண்ணைப் பாத்ததும் ஒண்ணு உறைச்சிருக்கும். 1986 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்திலே சிலாங்கூர் 6, ஜொகூர் 1. முப்பத்தெட்டு வருஷமா நாங்க ஜொகூர்க்காரங்களைப் பாத்தா ஆறு விரலைக் காட்டுவோம். வட்டி போடாம அசலை அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அந்த வாரம் நம்ம கோயில்லே துப்புரவு வேலை. தொண்டர் குழுவிலே ஒரு தம்பி, அம்மா பக்கம் குளுவாங்காரங்க, ஜொகூர் ஜெர்சி போட்டுக்கிட்டு வந்தான். யாரோ கழட்டச் சொன்னாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே ஆறு விரலைக் காட்டினான். அதுவரைக்கும் சரி, அது ஆட்டத்திலே சேர்த்தி. அடுத்து ஒருத்தர் வாயிலே அவன் அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை வந்துடுச்சு. தம்பி விளக்குமாத்தைச் சுவத்திலே சாய்ச்சு வச்சுட்டுப் போயிட்டான். ரெண்டு மாசம் வரலே. அவன் இல்லாம தண்ணீர்த் தொட்டிக்கு ஏணியிலே ஏற ஆளில்லே.

பெரியவங்க நாலு பேரா அவன் வீட்டுக்குப் போனோம். பேசினவரையும் கூட்டிக்கிட்டுத்தான் போனோம். அவன் அம்மாகிட்டே அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா கோப்பி போட்டுக் கொடுத்து, "அண்ணே, 6-1க்கே இப்படின்னா, 1986-இல் நாங்க எப்படி இருந்திருப்போம்?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியிலே எல்லாம் முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் தம்பி வந்தான். அதே ஜெர்சிதான்.

அன்னிக்கு உட்கார்ந்து எங்களுக்குள்ளே பேசி முடிவு பண்ணினோம். கெடா மாமா எழுதி வைக்காம நடத்திக் காட்டினதைத்தான் வரிசையா சொல்லிக்கிட்டோம். டீமைத் திட்டலாம், ஆளோட அம்மா அப்பாவை, சாதியை, இனத்தை இழுக்கக் கூடாது. விசில் அடிச்சா பகை முடிஞ்சது, மறுபடி அடுத்த ஆட்டத்துக்குத்தான். ஆட்டக்காரன் உடம்புக்கு ஒண்ணுன்னா எந்தச் சட்டையா இருந்தாலும் அவன் நம்ம பிள்ளை. ஜெயிச்சவன் முதல்லே போன் பண்ணணும், தோத்தவன் போனை எடுக்கணும். ஃபைசால் அதே 2024-லேயே மறுபடி களத்துக்கு வந்தப்போ, அந்த ஜொகூர் தம்பிதான் குரூப்பிலே முதல்லே போட்டோ போட்டான்.

இப்ப இன்னொரு கவலை. 2025-26 சூப்பர் லீக் பட்டியல்லே கெடா இல்லே. பேராக் இல்லே. பகாங் இல்லே. சம்பளப் பாக்கி, பணப் பிரச்சனைன்னு ஒவ்வொண்ணா போச்சு. மலேசியக் கிண்ணத்திலே மோதி மோதி எங்களை வளர்த்த எதிரிகள் அவங்க. சிங்கப்பூர் முன்னாடியே போயாச்சு. 1994-இல் ஷா ஆலாமிலே பகாங்கை 4-0ன்னு ஜெயிச்சு கிண்ணத்தோட போனவங்க அடுத்த வருஷம் வரலே. நடுவிலே லயன்ஸ் டுவெல்வ்னு வந்து 2013-இல் லீக்கை ஜெயிச்சாங்க, 2015-ஓட அதுவும் முடிஞ்சது. இன்னிக்கு எங்க தோட்டத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் ஜொகூர் பாருலே தங்கி, விடிகாலையிலே மோட்டார் எடுத்துக்கிட்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போறாங்க. எந்த ரெண்டு ஊரையும் திட்டி வளர்ந்தோமோ, அந்த ரெண்டு ஊர்தான் எங்க பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுது.

கெடா ரசிகன் இன்னிக்கு டிவி முன்னாலே உட்கார்ந்து யாரைத் திட்டுவான்? அவனுக்குத் திட்டவும் டீம் இல்லே, கைதட்டவும் டீம் இல்லே. நாங்க 6-1ன்னு தோத்தோம், இருந்தும் அடுத்த ஆட்டம் இருக்கு. அவனுக்கு அது இல்லே. கெடா மாமா இருந்திருந்தா எங்க வீட்டு வாசல்லே வந்து உட்கார்ந்திருப்பார். கெடா சீக்கிரம் எழுந்து வரணும். வந்து எங்ககிட்டே தோக்கணும்.

இப்ப குழு விஷயம். வர்ற பள்ளி விடுமுறையிலே நம்ம தொண்டர் குழுவிலே பந்து ஆட்டம் ஒண்ணு வைக்கிறோம். ஐம்பதுக்கு மேலே உள்ளவங்களும் ஆடலாம், மூட்டு வலிக்காரங்க கோல்கீப்பர் நிக்கலாம். எந்த ஜெர்சி வேணும்னாலும் போட்டுக்குங்க. தோத்தவங்க தே தாரே வாங்கித் தரணும். சிவப்பு மஞ்சள் பக்கத்துக்கு ஏற்கனவே பதினேழு பேர் பேர் கொடுத்தாச்சு. எதிர்ப்பக்கம் நாலு பேர்தான் இருக்காங்க, ஆள் பத்தலே. ஜொகூரோ, கெடாவோ, பகாங்கோ, யாரா இருந்தாலும் சீக்கிரம் பேர் கொடுங்க.